நோம்பியும் நோன்பும்: புகுந்த வீட்டில் காதுகொடுத்துக் கேட்கப் பழகும் வழி

எனக்குக் கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்த புதிது. நான் பிறந்து வளர்ந்தது தென்காசிப் பக்கம். ஒரு நாள் ராத்திரி மாமியார், "கண்ணு, நாளைக்கு நோம்பி. நேரமே எந்திரிச்சுரு" என்றார். எங்கள் ஊரில் நோன்பு என்றால் விரதம். மறுநாள் விடியுமுன் எழுந்து குளித்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தேன். மதியம் வீடு நிறைய ஆட்கள். இலை போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கொங்கு நாட்டில் நோம்பி என்றால் திருவிழா. ஊரே சாப்பிடும் நாளில் புது மருமகள் இலையில் உட்கார மறுத்தால் மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும்! சமையல் பிடிக்கவில்லை, சொந்தக்காரர்களோடு உட்காரப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நானோ, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லக்கூட ஆளில்லையே என்று அழுதேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் என் கணவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். இருவர் மீதும் தப்பில்லை, இருவருமே சொன்னதைத்தான் கேட்டோம். "நோம்பின்னா என்னங்க அத்தை, நான் என்ன செய்யணும்?" என்று அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

புதிதாகக் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெண்களுக்கு மட்டுமில்லை. மாமனார் வீட்டில் நான்கு நாள் தங்கப் போகும் மாப்பிள்ளைக்கும் இதே சிக்கல்தான். ஒரே தமிழ்தான் பேசுகிறோம் என்ற நம்பிக்கையில் பாதி சண்டைகள் தொடங்குகின்றன.

முதலில் அந்த வீட்டின் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் மாதம் ஒரு சின்ன நோட்டோ, கைப்பேசியில் ஒரு குறிப்போ வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்து, உங்கள் ஊரில் வேறு பொருளில் வழங்கும் சொல் எதுவானாலும் எழுதுங்கள். முழுக்கத் தெரியாத சொல்லால் ஆபத்து குறைவு, ஏனென்றால் அது என்னவென்று கேட்டுவிடுவோம். தெரிந்த சொல் மாதிரி இருந்துகொண்டு வேறு பொருள் தருவதுதான் மாட்டிவிடும்.

என் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தவை: நோம்பி, ஒறம்பரை, அப்பாரு. ஒறம்பரை என்றால் விருந்தாளி, சொந்தக்காரர். அப்பாரு என்றால் அப்பா என்று நினைத்தேன், அந்த வீட்டில் அது தாத்தா. "அப்பாருக்குக் காப்பி குடு" என்றதும் மாமனாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். திண்ணையில் பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்துச் சொற்களும் அவர்களைக் குழப்பின. நான் "பைய வாங்க" என்றால் மெதுவாக வாங்க என்று பொருள். என் நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்குள் போகிறவர்களுக்குப் பட்டியல் இன்னும் நீளும். அங்கே கதைப்பது என்றால் பேசுவது, கதை கட்டிச் சொல்வது அல்ல. "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லாமல் வாங்க என்று பொருள். "சத்தி" என்றால் வாந்தி. பிள்ளைக்குச் சத்தி என்று பாட்டி சொன்னால் உடனே எழுந்து பார்க்க வேண்டும்.

சொல்லோடு மரியாதை அளவும் ஊருக்கு ஊர் மாறும். கொங்குப் பக்கம் பெரியவர்களிடம் எல்லாவற்றிலும் "ங்க" சேரும், பல வீடுகளில் சின்னப் பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்பார்கள். தெற்கே அம்மாவை "நீ" என்று சொல்வது பாசம். நான் தொலைபேசியில் என் அம்மாவிடம் "நீ சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்பதை மாமியார் ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பெற்ற தாயையே மதிக்காத பெண் என்று அவருக்குள் ஒரு வருத்தம். ஆகவே யாராவது "நீ" என்றவுடன் மனதுக்குள் கணக்கு எழுதாதீர்கள். அந்த வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, அப்புறம் அதற்குப் பொருள் கொள்ளுங்கள்.

எந்த மாமா, எந்த வெள்ளி?

இது சுலபம், ஆனால் விட்டுவிடுகிறோம். தமிழ் வீட்டில் மாமா என்பவர் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், சில வீடுகளில் கணவராகவே இருக்கலாம். "மாமா நாளைக்கு வர்றாராம்" என்று காதில் விழுந்தால் "எந்த மாமா, மதுரை மாமாவா?" என்று உடனே கேட்டுவிடுங்கள்.

நாள், நேரம் இன்னும் மோசம். "அடுத்த வெள்ளி" என்பது சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கும் அடுத்தது. "எட்டு நாள்ல வந்துடறேன்" என்றால் பெரும்பாலும் ஒரு வாரம்தான். "வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டேகால் வண்டி" என்று சொல்லி டிக்கெட் எடுக்கச் சொன்னால், பயணச்சீட்டில் சனிக்கிழமை தேதி இருக்க வேண்டும். வெள்ளித் தேதியில் எடுத்துவிட்டால் வண்டி முந்தின நாள் ராத்திரியே போயிருக்கும். தேதியை எண்ணாகச் சொல்லி, காலையா மாலையா என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: "பதினேழாம் தேதி, சாயங்காலம் ஆறு மணி, சரிங்களா?"

விடை எட்டு வகை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்கு அதிகம் உதவியது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு இலக்கணப் பாடம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் விடை சொல்பவை. தேர்வுக்காகப் படித்தபோது இது வீட்டில் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது.

மாமியாரிடம் "கோயிலுக்கு வர்றீங்களா அத்தை?" என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வர்றேன்" என்றால் நேர். "வரல" என்றால் மறை. சுட்டு என்பது "சாவி எங்கே?" என்று கேட்டால் "அதோ, ஆணியில" என்று காட்டுவது. இவற்றில் குழப்பமில்லை. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்:

"நீயே போயிட்டு வா." இது ஏவல்.
"வராம இருப்பனா?" இது வினா எதிர் வினாதல்.
"முட்டி வலிக்குது." இது உற்றது உரைத்தல்.
"அத்தனை படி ஏறினா முட்டி வலிக்குமே." இது உறுவது கூறல்.
"நான் வீட்டுலயே விளக்குப் போட்டுக்கறேன்." இது இனமொழி.

"முட்டி வலிக்குது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அது "வரவில்லை" என்ற பொருளைத் தரும் விடை. நாமும் "சரி, வரமாட்டாங்க" என்று கிளம்பிவிடுவோம். ஆனால் வீட்டில் அதே சொல்லுக்குள் "நடந்து வர முடியாது, ஆட்டோ வைத்தால் வருவேன்" என்பது இருக்கலாம். "சும்மா பேச்சுக்குக் கேட்காமல் நீ உண்மையாகவே கூப்பிடுகிறாயா" என்ற தயக்கமும் இருக்கலாம். நேராக "வரல" என்று சொல்லாமல் வலியைச் சொன்னாரே, அந்த இடைவெளியில்தான் நாம் தப்பாக நிரப்பிக்கொள்கிறோம்.

ஆகவே பழக்கம் இதுதான்: பதில் அந்த ஐந்து வகைகளில் ஒன்றாக வந்தால், இன்னொரு கேள்வி கேளுங்கள். "ஆட்டோல கூட்டிட்டுப் போனா வருவீங்களா அத்தை?" ஒன்றே ஒன்று போதும். இதற்கும் "இல்லம்மா, இன்னைக்கு வேண்டாம்" என்றால் அது உண்மையான மறை, அப்படியே விட்டுவிடலாம். நான் இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு, மாமியார் எத்தனையோ இடங்களுக்கு வர ஆசைப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதுவரை அவருக்கு வெளியே போகவே பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விருந்தில் சொல்லும் "வேண்டாம்" இதற்குப் பக்கத்து வீடு. நம் ஊரில் முதல் "வேண்டாம்" கூச்சத்துக்குச் சொல்வது. இரண்டாவது முறை கேட்பது மரியாதை. இரண்டாவதும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மூன்றாவது முறை இனிப்பை இலையில் வைப்பது அன்பாகாது.

இன்னொன்று, மங்கலச் சொற்கள். சில வீடுகளில் "அரிசி இல்லை" என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக அலுவலகம் போன மாப்பிள்ளைகள் உண்டு. விளக்கை அணை என்று சொல்லாமல் "குளிர வை" என்பதும், "போறேன்" என்பதற்குப் பதில் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதும் இதே வகை. இவற்றை யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள். சூழ்நிலையோடு பொருந்தாத வாக்கியம் காதில் விழுந்தால், நேரே சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

உங்கள் "ம்" என்ன சொல்கிறது?

கதை சொன்னால் "ம்" கொட்டுவது நமக்குச் சின்ன வயதுப் பழக்கம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதுதான் அதன் பொருள். ஆனால் சொல்கிறவர் பல நேரம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். "பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போலாம்னு சொன்னப்ப ம்-னு சொன்னியே!" என்ற சண்டை நடக்காத வீடு குறைவு.

இதற்கு நானும் என் கணவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். "ம்" என்றால் கேட்கிறேன். "சரி, போலாம்" என்று வினைச்சொல்லோடு சொன்னால்தான் ஒப்புதல். வெறும் "சரி"யும் போதாது, அதை இழுத்துச் சொன்னால் ஒரு பொருள், வெட்டிச் சொன்னால் வேறு பொருள். "பார்க்கலாம்" என்பதை நாங்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வதில்லை. யாராவது "பார்க்கலாம்" என்றால், "எப்பச் சொல்லுவ, ஞாயித்துக்கிழமைக்குள்ளயா?" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கொட்டும் "ம்" தனி வகை. அதில் கேட்பதும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதை விட முடியாத வேலை என்றால் "ரெண்டு நிமிஷம் இரு, முடிச்சுட்டுக் கேக்கறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் திரும்பிப் பாருங்கள்.

வார்த்தையின் வாலைக் கவனியுங்கள்

தமிழில் பாதி பொருள் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். "அவங்க வருவாங்க" என்பது உறுதி. "அவங்க வருவாங்களாம்" என்பது யாரோ சொன்னது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும்போது இந்த "ஆம்" உதிர்ந்துவிட்டால், காதில் விழுந்த செய்தி உறுதியான செய்தியாகிவிடும். வீட்டில் சொல் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்ற பழி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கேட்டபடியே "ஆம்" சேர்த்துச் சொல்லுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் தூது போகாமலே இருப்பது இன்னும் நல்லது. "அதை நீங்களே அவர்ட்ட சொல்லிடுங்க அத்தை" என்று பணிவாகச் சொல்லலாம்.

"நீ வா", "நீயும் வா", "நீயாவது வா" மூன்றும் ஒன்றில்லை. மூன்றாவதில், வராத வேறு யாரோ மீதான வருத்தம் இருக்கிறது. அதை உங்கள் மீதான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"நாங்க", "நாம" வேறுபாடு புது மருமகளை உறுத்தும். "நாங்க கோயிலுக்குப் போறோம்" என்றால் கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை. "நாம போறோம்" என்றால் சேர்த்தி. ஆனால் "எங்க வீடு", "எங்க அம்மா" என்பதெல்லாம் வெறும் பழக்கம். ஒரே பிள்ளையும் "எங்க அம்மா" என்றுதான் சொல்வான். "எங்க வீட்டுல" என்று நாத்தனார் சொல்வது உங்களை விலக்குவதற்காக என்று நினைத்து மனம் நோகாதீர்கள். பயணம், விசேஷம் என்று திட்டம் போடும் பேச்சில் "நாங்க" வந்தால் மட்டும், "நானும் வரட்டுங்களா?" என்று கேளுங்கள். பல நேரம் பதில் "பின்ன, நீ இல்லாமயா!" என்று வரும்.

திருப்பிச் சொல்லும் முறை

கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வது எல்லோரும் சொல்லும் யோசனைதான். ஆனால் பெரியவர்களிடம் "நீங்க சொன்னது இதானே?" என்று கேட்டால் குறுக்கு விசாரணை மாதிரி ஒலிக்கும். வேலையைச் சொல்லித் திருப்புங்கள்: "அப்ப நான் பூவும் பழமும் மட்டும் வாங்கிட்டு வந்துடறேன், தேங்காய் நீங்க எடுத்து வெச்சுடுவீங்க, சரிதானுங்களா?" சொன்னவர் தன் காதால் கேட்டுத் திருத்திக்கொள்வார். புரியாதபோது "நீங்க சரியாச் சொல்லல" என்பதை விட்டுவிட்டு "எனக்குச் சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள்.

மனக்குறை சொல்லும்போது இந்த முறை வேலைக்கு ஆகாது. அக்கா தன் அலுவலகப் பிரச்சினையைக் கொட்டும்போது நீங்கள் வழி சொன்னால், "உங்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு" என்று எழுந்துபோவாள். முதலில் முழுக்கக் கேளுங்கள். மூச்சு விடும் இடத்தில், "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டாப் போதுமா?" என்று கேளுங்கள்.

காது மந்தமான பெரியவர்களோடு

வீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வயதாகும்போது வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில் தொடங்கும். அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றன்னு தெரியல" என்று அவர்கள் சொல்வது உண்மை. வேண்டாத விஷயம் மட்டும் காதில் விழாது என்று கேலி செய்வது அநியாயம். புரியாதபோது பலர் வெட்கப்பட்டுச் சும்மா தலையாட்டிவிடுவார்கள், நாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

கத்தினால் ஒலி சிதையும், கோபம் மாதிரியும் தெரியும். மிக்ஸியை, தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்குள், உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நில்லுங்கள். முதலில் கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு பேசுங்கள். ஒரு தடவை சொல்லிப் புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் இப்படி ஆகும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினால் தெரிந்துவிடும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொலைபேசியில், வாட்ஸ்அப்பில்

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் குறிலும் நெடிலும் கலந்துவிடும். பல்லும் பாலும் ஒன்றாகிவிடும். "வரலாம்" என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போனால் "வரல" என்று படிக்கப்படும். முக்கியமான விஷயத்தைத் தமிழ் எழுத்தில் அனுப்புங்கள், இல்லை என்றால் கூப்பிட்டுப் பேசுங்கள். அம்மா அனுப்பும் குரல் செய்தியை 2 மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்காதீர்கள். அவர் எங்கே தயங்கினார், எங்கே குரல் இறங்கியது என்பது அந்த வேகத்தில் தெரியாது.

தப்பாகப் புரிந்துகொண்டு சண்டை வந்துவிட்டால்

"நீங்க அப்படித்தான் சொன்னீங்க" என்று தொடங்கினால் யார் என்ன சொன்னார் என்ற வழக்கு நடக்கும். "எனக்கு இப்படிக் கேட்டுச்சு, அதனால இப்படிச் செஞ்சேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் தான் நினைத்ததைச் சொல்ல அதில் இடம் இருக்கிறது. அன்றைக்கே பேச முடியாவிட்டால் மறுநாள் பேசலாம். மூன்று நாள் தாண்டினால் நடந்தது மறந்து, வருத்தம் மட்டும் தங்கிவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் சொன்னது தெரியாமல் நடக்கும் குழப்பங்களுக்கு. திட்டுவது, மிரட்டுவது, அடிப்பது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, இவற்றில் தப்பாகப் புரிந்துகொள்ள எதுவுமில்லை. இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டுமோ என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

தொடங்க ஒரு வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் வாரம் நோட்டு மட்டும். ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், இருவர் கைப்பேசியும் வேறு அறையில் இருக்கட்டும். அன்றைக்கு எழுதிய சொற்களைக் கணவரிடமோ மனைவியிடமோ காட்டி, "இது உங்க வீட்டுல என்ன?" என்று கேளுங்கள். அவருக்கும் உங்கள் வீட்டுச் சொல் இரண்டைச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், "இன்னைக்கு நான் பேசுனதுல எது உங்களுக்குப் புரியல?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.